பத்துச்சீட்டு இல்லாத ஆமை

தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கருக்கு இன்னின்ன வேலை என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்கு வெளியே உலகத்தில் என்னென்ன வேலை இருக்கிறதோ அத்தனையும் சின்னக் கிளாக்கருடையது. உங்களில் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் மேலே விளக்க வேண்டியதில்லை. துரையின் மூக்குக்கண்ணாடிக் கால் உடைந்தாலும், பங்களாப் பியானோவில் எலி புகுந்தாலும், விருந்துக்கு வந்தவரின் தொப்பி ரயிலோடு போய்விட்டாலும் ஆபீஸிலிருந்து எழுந்து நிற்கிறவன் ஒருவன்தான். அவன் பட்ட பாட்டைச் சொன்னால் பட்டவர்களுக்குத்தான் புரியும்.

ஐம்பதுகளின் நடுவில், இலங்கையில் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்குகிற ரோட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் குவாட்டர்ஸ் தருவார்கள். குவாட்டர்ஸ் கிடைத்தால்தான் பெண் தருவோம் என்று பூண்டுலோயாவில் பெண்வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே என் கல்யாணம் துரையின் ஒரு கையெழுத்தை நம்பித்தான் இருந்தது. நடுவில் ஓர் ஆமை வந்து சேர்ந்ததால் நான் என்ன ஆனேன் என்பதுதான் இந்தக் கதை.

சிறுத்தைக்கு ஆகாத பிராணி

எங்கள் துரைசாணிக்கு நாய் என்றால் உயிர். முதலில் ஒரு நாய் வளர்த்தார். சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. இன்னொன்று வளர்த்தார், அதையும் அதே சிறுத்தையோ அதன் உறவுக்காரரோ தூக்கிக்கொண்டு போனார்கள். மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு பூனை வாங்கினார். அது ஒரு வாரம் இருந்தது. பூனை போன அன்றைக்குத் துரைசாணி சாப்பிடவில்லை என்று பங்களாச் சமையல்காரர் முனியாண்டி வந்து சொன்னார். எங்களுக்கே பாவமாக இருந்தது.

நுவரெலியாவில் ஒரு சிநேகிதியின் பங்களாவில் துரைசாணி ஓர் ஆமையைப் பார்த்திருந்தார். முதுகு ஓட்டில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கோடு போட்ட ஆமை. அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து, ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டுத் துரை நேரே என் மேசைக்கு வந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்றுதான் இந்த வேலையே கொடுத்தார்கள். ஆனாலும் அவர் என்னிடம் தமிழில்தான் பேசுவார். இருபது வருஷம் மலையில் ஆட்களை வேலை ஏவி ஏவிக் கற்ற தமிழ் அது. எதற்கு ஆமை என்று நான் கேட்டுவிட்டேன். அதற்கு அவர் சொன்னார்:

“நாய் வேணாம். பூனை வேணாம். ஆமை கொண்டா. சிறுத்தை வா, ஆமை கடி, பல்லு போ.”

தொட்டி

கினிகத்தேனையில் ரோட்டோரமாக வாழைப்பழம் விற்கிற பியதாச என்று ஒருவர் சம்பள நாளுக்குச் சம்பள நாள் கூடையோடு எங்கள் தோட்டத்துக்கு வருவார். சிங்களவர், ஐயா என்பதற்கு மாத்தயா என்பது தவிரத் தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அவரிடம் சொல்லி வைத்தேன். புத்தளம் பக்கத்திலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவரிடம் வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடையில் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்தார். “புல்லு குடுங்க மாத்தயா. வெயில்ல வைங்க” என்று இரண்டே வார்த்தை சொல்லிக் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாம் தெரிந்தவன் அல்லவா நான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. துரைசாணி பூக்காட்சி பார்க்க நுவரெலியா போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை ஆமையை எங்கே வைப்பது? ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்த வீடு விளங்காது என்பது நம்மவர்கள் எண்ணம். முனியாண்டி பங்களாச் சமையலறை வாசற்படியில் கையை அகல விரித்துக்கொண்டு நின்றார். சரி, என் அறையில் வைக்கலாம் என்றால், எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது. சீனியர் வகுப்புவரை படித்தவன், டைப் அடிப்பவன், இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவன் நான். ஆனாலும் கல்யாணம் என்று வந்துவிட்டால் எதற்கு வம்பு என்று தோன்றியது. ஆபீஸுக்குப் பின்னால் மலைத் தண்ணீர் பீலிக் குழாய் வழியே விழுகிற சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. ஆமை தண்ணீரில் வாழும் என்று நாலாம் வகுப்பில் படித்திருந்தேன். தொட்டியில் போட்டேன்.

அது தண்ணீர் ஆமை அல்ல, தரை ஆமை. வறண்ட காட்டில் வெயிலில் புல் மேய்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. திங்கட்கிழமை காலை தொட்டியைப் பார்த்தபோது ஆமை செத்துக் கிடந்தது. வாசல் கூட்டுகிற ராமாயி பார்த்தாள். கூட்டிக்கொண்டே போனாள். முனியாண்டி வந்து எட்டிப் பார்த்தார்.

“ஐயா, நீச்சல் தெரியாத ஆமைய இப்பத்தாங்க பாக்குறேன்.”

ஒரே ஒரு வாக்கியம்

துரை கேட்டார். நான் பதில் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம்: விற்ற ஆள் சீக்கு ஆமையைக் கொடுத்துவிட்டான் சார். நிரந்தரமாகிற நேரத்தில் தொட்டிக் கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வாக்கியம் அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. துரை அப்போதே வாட்சரைக் கூப்பிட்டுப் பியதாசவைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்த சம்பள நாளன்று பியதாச வந்தார். வாட்சர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். பியதாச கூடையை இறக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்பி ரோட்டில் இறங்கி நடந்தார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. அவமானத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவுக்கு மை ஊற்றினேன்.

அதற்குள் துரைசாணி இன்னோர் ஆமை கேட்டுவிட்டார். இந்தத் தடவை துரை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டிச் சொன்னார்:

“முதல்லே ஆமை பாக்காதே. ஆள் பார். எல்லாம் விசாரி. நல்ல ஆள், அப்புறம் ஆமை.”

விசாரணை முறை

தோட்டத்து ஆபீஸ்காரனுக்கு ஆளை விசாரிக்க ஒரு முறைதான் தெரியும். புதிதாகப் பேர் பதிய வருகிறவரிடம் நாங்கள் முதலில் கேட்பது பழைய தோட்டத்துப் பத்துச்சீட்டை. அவர் எங்கே இருந்தார், ஏன் விலகினார் என்று அந்தத் தோட்டத்தில் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. அது இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் அந்தத் தோட்டத்துக் கிளாக்கருக்கு ஒரு கடிதம் போடுவோம்.

அதே முறையை ஆமைக்கும் கொண்டுவந்தேன். கார்பன் வைத்து நாலு பிரதி டைப் அடித்தேன். ஆமை முன்பு இருந்த இடம். அங்கிருந்து விலகிய காரணம். நடத்தை. இந்த விற்பனையாளரிடம் முன்பு ஆமை வாங்கிய மூவரின் பெயரும் தோட்டமும். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. இதைச் செய்கிறபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சொந்தத் தப்புக்கு ஊரை விசாரிக்கப் புறப்பட்டவனுக்குப் படிவம் எவ்வளவு தெம்பு தரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சமயம் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு லயம் இலங்கைப் பிரஜாவுரிமை மனுதான் பேச்சு. அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எப்போது வந்தார், அதற்குப் பத்திரம் எங்கே என்று கேட்டுக் கேட்டு மனுக்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. பெரிய கிளாக்கர் மாணிக்கத்தின் மனுவும் திரும்பி வந்திருந்தது. அவர் என் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தார். பிறகு அதை மடிப்புக் கலையாமல் என் மேசையில் வைத்தார்.

“எங்க அப்பா பொறந்ததுக்குப் பத்திரம் இல்லன்னு என் மனுவையே திருப்பிட்டாங்க. உன் ஆமைக்கு ஏதாவது பத்திரம் கெடைச்சா அத என் பேருக்கு மாத்திக் குடு தம்பி.”

ஹட்டனில் மழை

ஹட்டன் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் ஆமை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோணிப்பையின் முன்னால் குந்தி உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தேன். ஆமையின் முதுகில் நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. இவ்வளவு வெள்ளையாக நட்சத்திரம் இருப்பது நல்ல சாதி என்று அவர் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். பத்துச்சீட்டு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்குள் தூறல் வந்துவிட்டது. ஆமை நனையக்கூடாது என்ற புதிய ஞானம் எனக்கு இருந்ததால், அதை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். குடை ஞாபகமே வரவில்லை. ஒரு நிமிஷத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் என் சட்டைக்கு வந்துவிட்டன. சுண்ணாம்பு. அடியில் இருந்தது ஓடையில் கிடக்கிற சாதாரணக் கறுப்பு ஆமை. இது என்னய்யா என்று சத்தம் போட்டேன். “மழை வரும்னு யாருக்குங்க தெரியும்?” என்றார். ஹட்டனில் நின்றுகொண்டு ஒரு மனிதர் இப்படிச் சொன்னார்.

நான் ஆமையும் சுண்ணாம்புமாக நிமிர்ந்தபோது, எதிரே ஒருவர் குடை பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பூண்டுலோயாவில் எனக்குப் பெண் கொடுக்க இருந்தவர். கடைக்குச் சாமான் எடுக்க ஹட்டனுக்கு வந்திருக்கிறார். கையில் ஆமையோடு வருங்கால மாமனாரின் முன்னால் நிற்கிற மாப்பிள்ளை என்ன பேசுவான்? அவர்தான் பேசினார்.

“ஆபீஸ் வேலைன்னுதானே சொன்னாங்க மாப்பிள்ளை?”

இருநூறு வயசு

நுவரெலியாவில் மார்க்கெட் பக்கம் ஒருவர் இருந்தார். கோட்டுப் போட்டிருந்தார், அதனால் நம்பிக்கையான ஆளாகத் தெரிந்தார். அவருடைய ஆமைக்கு இருநூறு வயசு என்றார். எப்படித் தெரியும் என்றேன். முட்டையிலிருந்து வந்த நாள் முதலாக நானே வளர்த்தேன் என்றார். நான் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டேன். எழுதிய பிறகுதான் கணக்கு இடித்தது. அவருக்கு நாற்பது வயசு இருக்கும்.

விடாமல் கேட்டேன். என்ன தின்னும்? எது கொடுத்தாலும் தின்னும். என்ன சீக்கு வரும்? எதுவும் வராது. முன்பு வாங்கியவர்கள் யார்? இதற்கு மட்டும் தடையில்லாமல் மூன்று தோட்டத்தின் பெயரைச் சொன்னார். எதற்காக விற்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“ஐயா ஆமை வாங்க வந்தீங்களா, கேஸ் விசாரிக்க வந்தீங்களா?”

மெச்சி எழுதிய கடிதம்

கோட்டுக்காரர் சொன்ன மூன்று தோட்டத்துக்கும் ஆபீஸ் கடிதத் தாளில் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வரவில்லை. இன்னொன்று, அப்படி யாரும் இங்கே ஆமை வாங்கவில்லை, வாங்குகிற உத்தேசமும் இல்லை என்று வந்தது. மூன்றாவது, மலை வேலையை மேற்பார்க்கிற ஒரு கண்டாக்கையா எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. விற்றவர் நாணயமானவர், சொன்ன நாளில் கொண்டுவந்தார், ஆமை நல்ல கனம், தங்கள் துரைக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம் என்று வரிசையாகப் பாராட்டியிருந்தார்.

எனக்கு ஒரே சந்தோஷம். கடிதத்தைப் பெரிய கிளாக்கரிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். முன்பக்கத்தைப் படித்து முடித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தேன்.

“ஒரேயொரு குறை: இறைச்சி சற்றுக் கடினம், மிளகு கூடுதலாகப் போட்டு இன்னும் அரை மணி நேரம் வேக வைப்பது உத்தமம்.”

கருவாட்டுக் கடை

கடைசியில் எல்லோரும் சொன்னது நாவலப்பிட்டியில் ஒரு கருவாட்டுக் கடையை. கடைக்காரரின் மனைவி பாக்கியம், கருவாட்டு லாரியில் புத்தளத்திலிருந்து வருகிற ஆமைகளைக் கடைக்குப் பின்னால் வெயில் விழுகிற முற்றத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். நல்ல இடமாக இருந்தால் கொடுப்பாராம். படிவத்தை முன்கூட்டியே தபாலில் அனுப்பினேன். நேரில் வாருங்கள் என்று மட்டும் பதில் வந்தது.

போனேன். முற்றத்தில் ஆறு ஆமைகள் பூசணித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தன. சுண்ணாம்பு இல்லாத நட்சத்திரங்கள். நான் நோட்டைத் திறந்தேன். அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்து, “நீங்க கேக்குறது அப்புறம் தம்பி. நான் கேக்குறதுக்கு மொதல்ல சொல்லுங்க” என்றார். எங்கே வைப்பீர்கள்? துரைசாணி பூச்செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில். குளிர் காலத்தில்? அதுக்குள்ளேயே பெட்டி, வைக்கோல். யார் தீனி போடுவார்கள்? துரைசாணியே. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். நான் பாஸாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

“இதுக்கு முந்தினது எப்படிச் செத்திச்சு?” என்றார்.

விற்றவன் சீக்கு ஆமையைக் கொடுத்துவிட்டான் என்று என் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எங்கள் தோட்டத்துக் கடைக்கு அவர்தான் கருவாடு அனுப்புகிறார். என் படிவம் கிடைத்த அன்றே அவர் அந்தக் கடைக்காரரிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். கடைக்காரர் ராமாயியைக் கேட்டிருக்கிறார். தொட்டிக் கதை தோட்டம் பூராவும் தெரிந்த கதை. துரைக்கும் துரைசாணிக்கும் மட்டும்தான் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஓர் ஆமை என் சப்பாத்து முனையை முகர்ந்துகொண்டிருந்தது.

ஆமையைத் தருவதாகவே சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை.

“முந்தினது எப்படிச் செத்திச்சுன்னு ஒங்க தொரை கைப்பட எழுதி அனுப்பட்டும் தம்பி. என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் படிப்பாரு. ஒங்க தொரைக்கே தெரியாம அங்க ஆமைய வளக்க முடியாது பாருங்க.”

மூன்றாவது தாள்

பஸ்ஸில் வரும்போதே வழி கண்டுபிடித்துவிட்டேன். துரை தினமும் பதினொரு மணிக்குக் கடிதங்களில் கையெழுத்துப் போடுவார். டைப் அடித்து அடுக்கி வைப்பவன் நான். அவர் ஒன்றையும் படிக்க மாட்டார். கையெழுத்துக் கோடு எங்கே என்று மட்டும் பார்ப்பார். கைப்பட எழுதாவிட்டால் என்ன, துரை கையெழுத்து இருந்தால் அந்த அம்மா ஒத்துக்கொள்ளாமலா போவார்? ஆமை வந்துவிடும், துரைசாணிக்குச் சந்தோஷம், எனக்கு நிரந்தரம், துரைக்கு ஒன்றும் தெரியாது.

கடிதத்தில் பொய் எதுவும் எழுதவில்லை. பாக்கியம்மாவிடம் இனிப் பொய் எடுபடாது. முதல் ஆமை தரை ஆமை, அதை என் கிளாக்கர் தண்ணீர்த் தொட்டியில் போட்டதால் செத்தது, விற்றவர்மேல் குற்றம் இல்லை என்று நாலு வரி டைப் அடித்தேன். மூன்றாவது தாளாக நடுவில் செருகினேன்.

துரை உட்கார்ந்தார். முதல் தாளில் கையெழுத்து. இரண்டாவதில் கையெழுத்து. மூன்றாவதற்குப் பேனா போயிற்று. என் கல்யாணத்துக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பேனா போகிற தூரம்தான் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வருகிற காரியம். இரண்டு மாதமாகப் பேசாமல்தானே இருந்தேன். ஆனால் அந்தத் தாளில் ‘விற்றவர்மேல் குற்றம் இல்லை’ என்ற வரி என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவர் கையெழுத்துப் போடுவார், அது நாவலப்பிட்டிக்குப் போகும், பியதாச கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். எனக்கு என்னையே பிடிக்காமல் போய்விட்டது.

“சார், அதைப் படிங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

படித்தார். பேனாவை மூடினார். ஏன் அறையில் வைக்கவில்லை என்று கேட்டார். ஆமை வீட்டுக்குள் வருவதைப் பற்றியும் என் கல்யாணத்தைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரித்திருந்தால் தேவலை. வாட்சரைக் கூப்பிட்டு, பியதாசவை உள்ளே விடச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த நாலு வரியையும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். துரைசாணிக்கும் அவரே சொன்னார் போலிருக்கிறது. துரைசாணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு நாள் என் பக்கம் திரும்பாமல் போனார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் கண்ணாடி வீட்டுப் பெட்டிக்குப் போட ஒரு பழைய கம்பளியைக் கொடுத்து அனுப்பினார். ஆமை கருவாட்டுப் பெட்டியில் ரயிலேறி வந்து சேர்ந்தது. எனக்குத் துரை சொன்னது இது:

“ஆமை செத்துப் போச்சு, அது உன் முட்டாள் வேலை, சரி. ஆள் மேலே பொய், அது சரி இல்லே. நிரந்தரம் ஆறு மாசம் தள்ளி. இப்ப கினிகத்தேனை போ.”

கினிகத்தேனை

கல்யாணமும் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அதைப் பூண்டுலோயாவுக்கு எழுதிப் போட்டுவிட்டு, கினிகத்தேனையில் போய் இறங்கினேன். பியதாச ரோட்டோரத்தில் பழத்துக்கு மேல் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார், “இப்பா சௌக்கியமா மாத்தயா?” என்று. இப்பா என்றால் சிங்களத்தில் ஆமை. அவர் கொடுத்த ஆமையைத்தான் விசாரித்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன், துரையிடம் நான் சொன்னதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அடுத்த சம்பள நாள் நீங்கள் வரலாம் என்றேன். தன்னை ஏன் கேட்டில் நிறுத்தினார்கள் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையாம். ஆமையை அவர் நினைக்கவே இல்லை. “நான் வாழப்பழத்தத்தான் சந்தேகப்பட்டேன் மாத்தயா. தின்னுட்டு யாருக்கோ வயித்தால போயிருக்கும்னு நெனச்சேன்” என்றார். பழம் அவருடைய மச்சானின் தோட்டத்துப் பழம். மச்சானிடம் போய் என்ன மருந்து அடித்தாய் என்று சண்டை போட்டிருக்கிறார். பழம் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சாக்கை மடித்து வைத்துவிட்டு, கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சட்டையைப் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

“வாங்க மாத்தயா, மச்சான் வீடு கிட்டத்தான். என்கிட்ட சொன்னதையே அங்கயும் ஒருக்கா சொல்லிருங்க.”

மூன்று ஊருக்கு அலைந்து, கார்பன் வைத்துப் படிவம் அடித்து, இரண்டு மாதம் ஆமைக்காரர்களை விசாரித்து நான் கண்டுபிடித்த ஒரே நம்பத்தகாத ஆள், ஆமை வாங்கப் போனவன்தான்.